படத்தின் பின்பக்கம்

எதிரில் இருக்கிற பிளாஸ்டிக் கடைக்காரர் வாளிகளை வெளியே அடுக்கி முடித்துவிட்டார், அப்படியென்றால் மணி பத்து, மணிக்கூடு பார்க்கத் தேவையில்லை. கச்சேரி வாசலில், அதாவது மாவட்டச் செயலகத்துக்கு முன்னால், பதினான்கு பேர் நிற்கிறோம், ஆளுக்கொரு கைதியின் படத்துடன். பதினொன்று வரை நிற்போம், பிறகு போவோம், அடுத்த புதன்கிழமை திரும்பி வருவோம். ஏழு வருசமாக இதுதான் எங்கள் தொழில் என்று சனம் பகிடி பண்ணும், பண்ணட்டும். குடை பிடிக்கக் கூடாது, பிடித்தால் முகம் மறைந்துவிடும் என்று சட்டம் போட்டவள் நான், அதற்காக வெயில் எனக்குச் சலுகை தருகிறதா என்றால் இல்லை, உச்சி கொதிக்கிறது. பதினொன்றேகாலுக்குப் பஸ். பை காலடியில் இருக்கிறது, உள்ளே இரண்டு சவுக்காரம், ஒரு சறம், மிக்சர் பைக்கற், என் அடையாள அட்டை, அதை மெசினில் அடித்த மூன்று கொப்பி. பஸ்ஸில் ஏறினால் இரவு அங்கே போய்ச் சேருவேன், காலையில் சிறை வாசலில் வரிசை, பிறகு கம்பி வலைக்கு அந்தப் பக்கம் டெஸ்மன் வந்து நிற்பான், நின்று என் வாயைப் பார்ப்பான். போன கிழமை "அக்கா, வைக்கட்டோ?" என்று கேட்டான். கச்சேரியில் எந்தப் பெரியவர் வந்து கேட்டாலும் பதில் வைத்திருக்கிறவள் நான், "வாற கிழமை சொல்லுறன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். வாற கிழமை என்பது நாளைக்கு. இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறது, ஒரு மணித்தியாலத்தில் எத்தனையோ விசயத்துக்கு முடிவு எடுத்திருக்கிறேன்.

டெஸ்மன் என் தம்பி. பிடித்துக்கொண்டுபோய்ப் பன்னிரண்டு வருசம். வழக்கு இல்லை. இதைச் சொன்னால் சிலர் என்ன வழக்கு என்று திருப்பிக் கேட்பார்கள், வழக்கு இல்லை என்றுதானே சொன்னேன், காது என்ன வாடகைக்கா விட்டிருக்கிறது. குற்றம் இன்னதென்று சொன்னால் இல்லையென்று மறுக்கலாம், ஆமென்று ஒத்துக்கொண்டாலும் இத்தனை வருசம் என்று ஒரு கணக்கு வரும், அந்தக் கணக்கு முடிகிற நாளுக்குச் சோறு காய்ச்சி வைக்கலாம். சொல்லாத குற்றத்துக்கு முடிவு நாள் எங்கே இருந்து வரும். கோர்ட்டில் தள்ளிப்போடுகிற ஒரு தவணை, அடுத்த தவணை, அதற்கடுத்த தவணை. அதனால்தான் எங்கள் பதாகையில் ஒரே வரி, "வழக்குப் போடு, இல்லாவிட்டால் விடு." நான் எழுதிய வரி. இரக்கம் கேட்கிற சொல் ஒன்றும் அதில் வரக் கூடாது என்று சண்டை பிடித்து எழுதினேன், இரக்கம் கேட்டால் இரக்கப்பட்டுவிட்டுப் போய்விடுவார்கள். இப்போது அவர்கள் வேறொன்று கேட்கிறார்கள். போன கிழமை டெஸ்மன் கேட்டது அதைத்தான், விபரத்தை லோயர் திங்கட்கிழமை கோல் எடுத்துச் சொன்னார், சிங்களத்தில் நாலு பக்கக் கடதாசி ஒன்று வந்திருக்கிறதாம், டெஸ்மன் அதில் கையெழுத்து வைத்தால் ஒரு வருசம் புனர்வாழ்வு முகாம், அதன்பிறகு வீடு. செய்தேன், செய்ததற்கு வருந்துகிறேன் என்று கையெழுத்து. எதைச் செய்தேன் என்று கேட்டேன். "அது அந்த நாலு பக்கத்துக்குள்ள கிடக்குது அக்கா, நான் இன்னும் முழுசாப் பாக்கேல்ல, வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவு கேக்கினம்" என்றார். ஒரு வருசம். முந்நூற்று அறுபத்தைந்து நாள் என்பது எண்ணக்கூடிய ஒன்று, அதுதான் ஆசை காட்டுகிறது. பிளாஸ்டிக் கடைக்காரர் சிவப்பு வாளியை எடுத்து நீல வாளிக்கு மேலே வைத்துவிட்டு, பிடிக்காமல் திரும்ப எடுக்கிறார்.

என் கையில் இருப்பது குகேந்திரன். வரிசையின் அந்தக் கடைசியில் நிற்கிற மார்க்கண்டு ஐயாவின் மகன், பத்து வருசம் உள்ளே. டெஸ்மனின் படம் எனக்குப் பக்கத்தில் திலகவதியின் கையில் இருக்கிறது. இங்கே யாரும் தன் ஆளைப் பிடிப்பதில்லை. தொடக்கத்தில் பிடித்தோம், பிடித்துப் பத்தாவது நிமிசம் ஒருவர் அழுவார், அதைப் பார்த்து மற்றவர் அழுவார், பத்திரிகைக்காரர் அதைத்தான் எடுப்பார்கள், கண்ணீர் என்றால் அவர்களுக்கு முதல் பக்கம். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது, அவசரத்தில் படங்களைப் பெட்டிக்குள் போட்டு, மழை விட்டதும் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு நின்றோம். அடுத்த நாள் பேப்பரில் நான் குகேந்திரனைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன், கீழே "தம்பி டெஸ்மனுக்காக அக்காவின் கண்ணீர்" என்று போட்டிருக்கிறார்கள். கண்ணீராம். அது மழைத்தண்ணி. மார்க்கண்டு ஐயா பேப்பரைத் தூக்கிக்கொண்டு என் போட்டோக்கொப்பிக் கடைக்கு வந்துவிட்டார், இ.போ.ச. பஸ் ஓட்டி இளைப்பாறிய மனுசன், தொண்டையிலும் ஹோர்ன் இருக்கிறது, "என்ர பிள்ளையின்ர முகத்துக்குக் கீழ ஆற்ற பேர் கிடக்குது?" என்று ஒரு சத்தம். பேப்பரை மேசையில் விரித்துப் படத்தைக் கிட்டப் பார்த்தார். பிறகு, "நீங்கள் பிடிக்கேக்க அவன் நிமிர்ந்து நிக்கிறான் பிள்ளை. நான் பிடிச்சா கை நடுங்கி அவனும் நடுங்குவான்" என்றார். அன்றைக்கே எனக்கு விளங்கிவிட்டது. அடுத்தவரின் ஆளைப் பிடித்தால் கை நடுங்காது, வாய் வேலை செய்யும். அதற்கு ஒரு நிபந்தனை வைத்தேன், யாரைப் பிடிக்கிறீர்களோ அவரைத் தெரிந்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் புதன்கிழமை உரியவரிடம் புதிதாக ஒரு விசயம் கேட்டு, லமினேற் பண்ணின படத்தின் பின்பக்கத்தில் மாக்கர் பேனையால் எழுதிவிட வேண்டும். குகேந்திரனின் பின்பக்கத்தில், என் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, எண்பது வரி இருக்கிறது. நாய்க்குட்டிக்குப் பள்ளிக்கூடப் பெயர் வைத்தவன். தேங்காய்ப்பூ கேட்டுக் கேட்டுத் தின்பான். அவன் எனக்கு யார் என்று எவரும் கேட்கட்டும், அரை மணித்தியாலம் சொல்வேன்.

நம்பிக்கை இருக்கிறது எனக்கு, அது இல்லாமல் ஒரு ஆள் ஏழு வருசம் வெயிலில் நிற்க முடியாது, வீம்புக்கு நிற்பதென்றாலும் இரண்டு வருசத்தில் களைத்துவிடும். தொடங்கியபோது படங்கள் இருபத்திரண்டு, இப்போது பதினான்கு. குறைந்த எட்டுப் பேரில் ஐந்து பேர் வீட்டில் இருக்கிறார்கள், இரண்டு பேருக்கு வழக்குப் போட்டு ஒன்றுமில்லையென்று கோர்ட்டே விட்டது, ஒருவர் உள்ளேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய படம் என் கடை மேசை லாச்சியில் இருக்கிறது. அந்த லாச்சியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த முகத்தைப் பாராமலே மூடுகிறேன், அதைச் சொல்லாமல் விட்டால் பொய். டெஸ்மனுக்கு இரண்டு கிழமையாக இருமல். போன கிழமை கம்பிக்கு அந்தப் பக்கம் இருமிவிட்டு, "தூசி அக்கா" என்றான். தூசியாக இருக்கட்டும், தூசியாகத்தான் இருக்கும். முப்பத்தாறு வயது, என் கையில் அவன் படம் இருபத்திநாலு வயதிலேயே நிற்கிறது, கையிலில்லை, திலகத்தின் கையில். வைத்துவிட்டு வா என்று சொன்னால் ஒரு வருசத்தில் வருவான், வைக்காதே என்று சொன்னால் எப்போது வருவான். வழக்குப் போடு இல்லாவிட்டால் விடு என்று எழுதியவள் நான். பதாகை எழுதியவளின் தம்பியே செய்தேன் என்று கையெழுத்து வைத்தால் மற்றப் பதின்மூன்று பேரிடமும் அடுத்த நாளே அதே கடதாசியை நீட்ட மாட்டார்களா, பார் அவன் வைத்தான் நீயும் வை என்று. இதெல்லாம் நியாயம், நியாயம் எல்லாம் என் பக்கம்தான். ஆனால் இருமுவது நான் இல்லையே.

படம் எடுக்கிறவர் வந்துவிட்டார். ஒவ்வொரு கிழமையும் பத்து இருபதுக்கு வருவார், சாதாரணச் சேர்ட்டு, தள்ளின வயிறு, போனைத் தூக்கி வரிசையை இடமிருந்து வலமாக எடுப்பார், பிறகு வலமிருந்து இடமாக. புலனாய்வில் எந்தப் பகுதி என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. போன தை மாதம் என் கடைக்கே வந்தார், மகளின் பள்ளிக்கூட அனுமதிப் படிவம் கொப்பி எடுக்க. எடுத்துக் கொடுத்ததும் மேசையில் வைத்துக் கையெழுத்துப் போடப் போனார். "வாசிச்சுப்போட்டு வையுங்கோ" என்றேன். திகைத்துப் பார்த்தார். "இது பள்ளிக்கூடப் படிவம்தானே அக்கா." "எதெண்டாலும் வாசிச்சுப்போட்டு வையுங்கோ. அங்க போட் போட்டிருக்கிறன் பாருங்கோ." வாசிக்காமல் கையெழுத்து வைக்க வேண்டாம் என்று என் கடையில் இந்தப் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறேன். பாவம், மனுசன் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார், மூன்றாம் பக்கத்தில் மகளின் பிறந்த திகதி பிழையாக இருந்ததைக் கண்டுபிடித்து நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஊரில் இதை ஒரு கதையாகவே சொல்லிச் சிரிப்பார்கள், யூஜினி அக்காவின் கடையில் ஒரு கொப்பி எடுக்கப் போனால் சோதனை எழுதிவிட்டுத்தான் வரவேண்டும் என்று. சிரிக்கட்டும். ஏன் அந்தப் போட் ஒட்டினேன் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் கொப்பி மெசினுக்குக் கடதாசி போடப் போய்விடுவேன்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரை. அதை நினைக்கக் கூடாது என்று நினைத்தால் அது நேரே அடுப்படிக்குள் வந்து நிற்கிறது. அன்றைக்குக் கணவாய்க் கறி. டெஸ்மனுக்குச் சோறு ஆறக் கூடாது, சின்னனிலிருந்து அப்படி, ஆவி பறக்க வேண்டும், ஆறினால் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவான். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போட்டது நான், அதனால் அவன் வந்து குந்துகிற நேரமும் சோறு இறக்குகிற நேரமும் எனக்கு அத்துப்படி. சோற்றைப் போட்டு, கறியை ஊற்றிவிட்டேன், வாசலில் ஜீப். நாலு பேர். மரியாதையாகத்தான் கதைத்தார்கள், சின்ன விசாரணை, போனும் அடையாள அட்டையும் மட்டும் எடுக்கிறோம், எடுத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசி, அதில் ஒரு கையெழுத்து. துண்டு முழுக்கச் சிங்களம், அவனுக்கு ஒரு எழுத்தும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவன் பேனையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "இதில என்ன கிடக்குதெண்டு தெரியேல்ல அக்கா" என்று என்னைத்தான் பார்த்தான். அவனுக்குச் சந்தேகம் இருந்தது. அவன் கேட்டான். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவள் நான், படிவம் என்றால் எங்கே புள்ளடி போட்டிருக்கிறதோ அங்கே கையெழுத்து, சனமெல்லாம் அப்படித்தான் வைக்கும், நானே எத்தனை பேருக்கு விரலால் தொட்டுக் காட்டியிருக்கிறேன். "கெதியா வைச்சிட்டு வா, சோறு ஆறுது" என்றேன். வைத்தான். வைத்ததும் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஐந்து வருசத்துக்குப் பிறகு லோயர் அதைத் தமிழில் மாற்றி எடுத்தார், நான் கண்ணால் கூடக் கண்டிராத மூன்று சாமான்களை எங்கள் வீட்டில் எடுத்ததாகவும், அவை தன்னுடையவை என்று அவன் ஒத்துக்கொள்வதாகவும் அதில் இருந்தது. அதை வைத்தும் வழக்குப் போடவில்லை, விடவும் இல்லை. அன்று கோப்பையில் கிடந்த சோறு பின்னேரம் வரை அப்படியே கிடந்தது. கணவாயை நான் அதன்பிறகு கையால் தொட்டதில்லை. இது எனக்கும் டெஸ்மனுக்கும் மட்டும் தெரியும், பன்னிரண்டு வருசத்தில் ஒருநாளும் அவன் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"யூஜினி அக்கா," திலகவதி படத்தை அசைக்காமல் தலையை மட்டும் என் பக்கம் திருப்புகிறாள். "இண்டைக்கு முதல் புதன். ஒண்டு சொல்லுங்கோ." மறந்தே போனேன், நான் போட்ட சட்டம் எனக்கே மறந்துவிட்டது. இந்தத் திலகவதிக்கு நான் செய்தது ஒன்று இருக்கிறது. நாலு வருசத்துக்கு முன் இவளுடைய மனுசன் நடேசலிங்கம் இதே மாதிரிக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டு வந்தார். நான் கூட்டத்தில் எழும்பி, "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் வெயிலுக்க நிண்டது என்னத்துக்கு?" என்று கேட்டேன். நல்ல கேள்வி என்று அப்போது ஒரு திமிர் எனக்கு. ஆள் வீட்டுக்கு வந்தாயிற்று, இனி வரமாட்டாள் என்று நினைத்தோம், அடுத்த புதன்கிழமை வந்தாள், பெட்டிக்குள் பிடிக்க ஆளில்லாமல் கிடந்த டெஸ்மனை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றாள். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் நான் அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, புது விசயத்தைத் துண்டில் எழுதிக் கொடுப்பேன், அவள் வாங்கிப் படத்தில் பதிவாள். நாற்பத்தாறு வரி எழுதியிருக்கிறாள் என் தம்பியைப் பற்றி, சின்னச் சின்ன எழுத்தில். தும்மினால் ஏழு தரம். கடலில் நீந்துவார், கிணற்றுக்குப் பயம். பிரசங்கம் தொடங்கினால் நித்திரை. ஆறின சோறு தின்னார். வெட்கமாக இருக்கிறது, வெயிலில் நின்று வெட்கப்படுகிறேன், நல்ல காலம் முகம் ஏற்கெனவே சிவந்துதான் கிடக்கிறது. படம் எடுக்கிறவர் வலமிருந்து இடமாக வந்துகொண்டிருக்கிறார். இன்றைக்கு என்ன சொல்ல, அவனுக்குப் பிடித்த நிறம் பச்சை என்று சொல்லிவிட்டால் முடிந்துவிடும், அது இன்னும் எழுதவில்லை.

"அண்டைக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னது நான்தான்" என்று என் வாய் சொல்கிறது. குகேந்திரனைப் பிடித்திருக்கிற கை நடுங்கவில்லை, அது எனக்கே அதிசயம். "என்ன எழுதியிருக்கெண்டு தெரியேல்ல எண்டவன். சோறு ஆறுது, கெதியா வைச்சிட்டு வா எண்டனான்." ஒரு லொறி போனது, அதன் புழுதி எங்கள் பதினான்கு படத்திலும் படிந்தது. பாவம் என்பாள், உங்களில் பிழையில்லை என்பாள், அப்படிச் சொன்னால் எனக்குக் கோபம் வரும் என்று காத்துக்கொண்டு நிற்கிறேன். "அண்டைக்கு என்ன கறி?" என்று கேட்டாள். "கணவாய்." "எழுதட்டோ?" "எழுதுங்கோ." படத்தை ஒரு கையால் முன்பக்கம் பார்க்கப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் பின்பக்கத்தில் எழுதினாள், டெஸ்மனின் முகம் ஒரு கணமும் வீதியை விட்டுத் திரும்பவில்லை. மாக்கர் கிறீச் கிறீச் என்றது. "திலகம், உங்கட அவர் வைக்கேக்க நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" இதை நாலு வருசத்துக்கு முன் கேட்டிருக்க வேண்டும், கூட்டத்தில் எழும்பிக் கேட்ட கேள்விக்குப் பதிலாக. அவள் மூடியை மாக்கரில் அழுத்திப் போட்டாள். "வையுங்கோ எண்டும் சொல்லேல்ல, வைக்காதேங்கோ எண்டும் சொல்லேல்ல அக்கா. வாசிச்சனீங்களோ எண்டு கேட்டன். இல்லையாம். வெளிய வந்தாப்பிறகு ஒருநாள் நான் சிங்களம் தெரிஞ்ச ஒரு ஆளைப் பிடிச்சு வாசிப்பிச்சுக் கேட்டன். அதுக்குப் பிறகு அவர் என்னைத் தவிர ஆரோடயும் கதைக்கிறேல்ல. தான் என்ன செய்தனெண்டு எழுதிக் கிடக்குதெண்டு முன்னமே தெரிஞ்சிருந்தா, வைச்சிருந்தாலும் தலை நிமிர்ந்து வைச்சிருப்பாராம்." மாக்கரைப் பைக்குள் போட்டபடி, "வீட்டில இருக்கிறார், அது எனக்குக் காணும். ஆனா அவருக்குக் காணாது" என்றாள்.

பிளாஸ்டிக் கடைக்காரர் தேத்தண்ணி குடிக்கிறார், அப்படியென்றால் பத்து ஐம்பது. எனக்குத் தலைக்குள் ஒரு காற்று வந்த மாதிரி இருக்கிறது, பன்னிரண்டு வருசமாக நான் பிழையான கேள்வியையே போட்டு உழப்பியிருக்கிறேன். வைக்கச் சொல்வதா வேண்டாமென்று சொல்வதா என்று ஒரு மணித்தியாலம் மண்டை காய்ந்தேன், இரண்டுமே என் வாயிலிருந்து வருவதென்றால் இரண்டும் அன்றைய வியாழக்கிழமைதான். கடைக்கு வருகிற படம் எடுக்கிறவருக்கு வாசித்துப்போட்டு வை என்று சொல்கிறவள், சொந்தத் தம்பிக்கு அதைச் சொல்லத் தோன்றாமல் நின்றிருக்கிறேன். கோல் எடுத்தேன், வரிசையில் நின்றபடியே, ஏழு வருசத்தில் முதல் தடவை, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். "லோயர், அந்த நாலு பக்கத்துக்கும் தமிழ்ப் பிரதி வேணும். ஓம், முழுக்க. ஒரு சொல் விடாம. வெள்ளிக்கிழமை எண்டா வெள்ளிக்கிழமை இல்லை, தமிழ்ப் பிரதி அவன்ர கையில குடுத்த நாளில இருந்துதான் நாள் எண்ணலாமெண்டு சொல்லுங்கோ. அதை நீங்கள் எழுத்தில கேளுங்கோ, அவையள் எழுத்தில மறுக்கட்டும், அந்த மறுப்பை நான் ஆயிரம் கொப்பி அடிச்சு இந்த வீதி முழுக்க ஒட்டுறன்." லோயர் சிரிக்கிறார், இன்றைக்கே கேட்கிறேன் அக்கா என்கிறார். வாசித்தபிறகு அவன் வைத்தால் வைக்கட்டும், அது அவனுடைய கை. வைத்துவிட்டு வந்தாலும் நான் புதன்கிழமை இங்கே நிற்பேன், என் பக்கத்தில் நிற்கிறவள் நிற்கிற மாதிரி. வைக்காமல் இருந்தாலும் நிற்பேன். படம் எடுக்கிறவர் போனைச் சட்டைப் பைக்குள் போடுகிறார்.

பதினொரு மணி. படங்களைப் பெட்டிக்குள் சேர்ப்பது என் வேலை, ஒவ்வொருவராகக் கொண்டுவந்து தருகிறார்கள், மார்க்கண்டு ஐயா வழமைபோல தன் கையில் இருக்கிறதைத் தந்துவிட்டு, என் கையில் இருக்கிற மகனின் முகத்தை ஒருமுறை துடைக்கிறார். திலகவதி மட்டும் டெஸ்மனைப் பெட்டிக்குள் வைக்கவில்லை. "கொண்டு போங்கோ அக்கா. கம்பியால திருப்பிப் பிடிச்சுக் காட்டுங்கோ. ஆரோ ஒருத்தி தன்னைப் பற்றி நாப்பத்தேழு விசயம் தெரிஞ்சு வைச்சிருக்கிறாளெண்டு அவரும் பாக்கட்டும்." பஸ் புழுதியோடு வந்து நிற்கிறது. யன்னல் கரையில் இடம், மடியில் பை, பைக்கு மேலே தம்பி, முகம் கீழே பின்பக்கம் மேலே. அந்த மழைநாளுக்குப் பிறகு அவன் படத்தை நான் பிடித்து நின்றதில்லை, இப்போது என் கையில் இருக்கிறது, நடுங்குகிறது, நடுங்கட்டும், இங்கே பத்திரிகைக்காரர் இல்லை. கடைசி வரியில் இன்னும் மை மணக்கிறது. "47. அக்கா கையெழுத்து வைக்கச் சொன்னவ. அண்டைக்குக் கணவாய்க் கறி. அவர் சாப்பிடேல்ல." மூன்று வசனம், ஒன்றையும் அவள் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பஸ் கண்டி வீதியில் ஏறிவிட்டது, கண்டக்டர் பயணச்சீட்டு கிழிக்கிறார், நான் வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன், நாளைக்கு அவன் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என் வாயைப் பார்க்கும்போது தடக்கக் கூடாது. வைக்கட்டோ அக்கா என்று கேட்பான். நான் சொல்வேன், தமிழில வரும், முதல் எழுத்தில இருந்து கடைசி எழுத்து வரைக்கும் வாசி, டெஸ்மன். ஆறுமாதம் எடுத்தாலும் எடு. சோறு ஆறட்டும்.